நைட் ஷிப்ட் வாரத்துக் கோபம்

“கடந்த ரெண்டு வாரத்துல காரணமே இல்லாம அழணும் போல இருந்துச்சா? அடிக்கடியா... எப்பவாவதா?”

கேட்டது ஓர் ஆண் குரல். கேட்டது தேவயானியிடம் அல்ல. ஆனால் அவள் கையிலிருந்த போனில் மைக் திறந்திருந்தது. மறுமுனையில், ஆன்லைன் வகுப்பில், எம்.எஸ்ஸி. கணிதம் இறுதியாண்டு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கும் பேராசிரியர் ராமசாமியும் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் காதிலும் கேள்வி தெளிவாக விழுந்தது.

“யாரும்மா அது உன் பக்கத்துல?” என்றார் ராமசாமி.

யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் பலர் சிரித்தார்கள். தேவயானிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மூன்று வாரமாகத் தயார் செய்த செமினார்... வாயைத் திறந்து நாலு வாக்கியம் முடிக்கவில்லை. நெட்வொர்க் சரியில்லை சார் என்று ஒரு பொய்யைச் சொல்லி வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் நிழற்குடையின் மறுகோடியில், தொப்பலாக நனைந்த ஒருவன் சுவரில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதக் கட்டு. முகத்தில் நீல மாஸ்க். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்தான் தெரிந்தன... நீளமான இமைகள், அவற்றின் நுனியில் விழவா வேண்டாமா என்று நிற்கும் மழைத்துளி. அழகான கண்கள்தான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை அது. காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில், அவள் வீடு இருந்த பிளாக்கின் உள்ரோட்டில், ஊரடங்கில் நின்ற டவுன் பஸ் இன்னும் விடவில்லை, அதனால் அந்த நிழற்குடைக்கு ஆள் வருவதில்லை. தேவயானி அங்கே ஆசைப்பட்டு வரவில்லை. வீட்டில் பேச முடியாது, அதனால் வந்தாள். அப்பா கருணாகரனுக்கு இந்த வாரம் மைன்ஸில் நைட் ஷிப்ட்.

குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இரவு பத்து மணி ஷிப்டுக்குப் போகிற மனிதர் காலை ஏழு மணிக்கு வீடு வருவார். எட்டு மணிக்குப் படுப்பார். அவர் எழுகிற இரண்டு மணி வரைக்கும் அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கரில் வெயிட் விழாது, காலிங்பெல்லின் ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். அம்மா புஷ்பவல்லி புருவத்தாலேயே குடும்பம் நடத்துவாள். முன்பெல்லாம் இது தேவயானிக்குத் தொந்தரவாக இருந்ததில்லை, வருஷத்தில் பத்து மாதம் அவள் பல்கலைக்கழக ஹாஸ்டலில் இருந்தாள். கொரோனா வந்து ஹாஸ்டலைப் பூட்டியதும், இரண்டே அறை உள்ள வீட்டுக்குள் எட்டு மாதம்... வகுப்பு முழுக்க மைக்கை மூடி, வாயையும் மூடி.

“ஹலோ... உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?” என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்காமலே, ஒரு நிமிஷம் என்பதுபோல் ஒற்றை விரலைக் காட்டினான். விரலைக் காட்டியதோடு அடுத்த கேள்வியையும் போனில் வாசித்தான்.

“பதினாலாவது கேள்விங்க. விடிஞ்சா என்ன, விடியாட்டி என்னன்னு தோணினது உண்டா?”

இந்தக் கேள்வி தேவயானிக்குத் தெரியும். அக்டோபரில் ஒருநாள், பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுவில் வந்த படிவத்தில் இதே பதினாலாவது கேள்விக்கு அவள் பதில் எழுதியிருந்தாள். பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களின் வாழ்க்கைப் பழக்கங்களும் மனநலமும் என்று ஒரு நீளத் தலைப்பு. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை பேரிடம் வாய்விட்டுப் பேசுகிறீர்கள்... அவள் பாவி, ஒன்றுவிடாமல் உண்மையை எழுதியிருந்தாள். உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே!

அவன் போனை வைக்கும் வரை காத்திருந்தாள். பிறகு அந்தப் படிவமா இது என்று கேட்டாள். அவன் முகம் மாஸ்க்குக்குள் மலர்ந்திருக்க வேண்டும், கண்ணோரம் சுருங்கியது. ஆமாங்க, நீங்களும் எழுதினீங்களா, ரொம்ப நன்றிங்க என்று வரிசையாக அடுக்கினான். பெயர் ரெஜின். சமூகப்பணித் துறை, இறுதியாண்டு. இந்தக் கணக்கெடுப்புதான் அவன் புராஜெக்ட்.

“நன்றி இருக்கட்டும். நான் கணிதத் துறை. இந்த நெய்வேலிதான். பேரு தேவயானி. ஞாபகம் இருக்கா?”

கண்ணோரச் சுருக்கம் மறைந்தது. அவன் கையிலிருந்த காகிதக் கட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. ஞாபகம் இருந்தது.

நடந்தது இதுதான். அக்டோபர் கடைசியில், பகல் பதினோரு மணிக்கு, கருணாகரனின் போன் அடித்தது. மைன்ஸிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று அவர் அந்த ஒரு போனை மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். எடுத்தால் பல்கலைக்கழகம். பேசியது ரெஜினின் வழிகாட்டிப் பேராசிரியை திலகவதி. உங்கள் மகளின் மனநிலை பற்றிக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் சொன்னாராம். தூக்கத்திலிருந்து பதறி எழுந்த மனிதருக்கு நல்லவிதம் எங்கே காதில் ஏறும்? அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். மனசு சரியில்லாத பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்ப முடியாது. டிசம்பரில் இறுதியாண்டுக்குக் கல்லூரி திறந்தாலும் அவள் போகப்போவதில்லை. படித்த மட்டும் போதும்.

அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். திருநெல்வேலியிலிருந்து அத்தை போன் செய்து, நல்ல இடமாக வந்தால் முடித்துவிடலாமே என்றாள். தேவயானி என்ன சொன்னாலும், பாவம் பிள்ளை என்ற ஒரே பார்வை. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாம் என்றால், அப்பா தூங்குகிறார்.

இத்தனை நாள் அடக்கி வைத்ததை அவள் இப்போது அந்த நிழற்குடையில் இறக்கி வைத்தாள். மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். யாரைக் கேட்டு என் பேரைக் கொடுத்தீர்கள், உங்களுக்கு மார்க் வேண்டும் என்பதற்காக என் படிப்பில் மண்ணைப் போடுவீர்களா, நம்பி எழுதினவள் முட்டாளா... கடைசியில் அவன் மெதுவாக ஒன்று சொன்னான்.

“மூணு நாள், மூணு வாட்டி போன் பண்ணேங்க. மூணு வாட்டியும் நீங்க கட் பண்ணிட்டீங்க. அதுக்கப்புறம்தான் மேடம்கிட்ட சொன்னேன்.”

“எங்கப்பா தூங்கிக்கிட்டு இருந்தார். எப்படிப் பேசுறது?”

“பகல் பதினோரு மணிக்கா?”

அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது, ஆசாமி டவுன்ஷிப் இல்லை. முத்தாண்டிக்குப்பமாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவன் அப்பா சவரிராஜ் வீட்டு முன்பக்கத்திலேயே கிரில் பட்டறை வைத்திருக்கிறார். விடிந்தால் அடைந்தால் வெல்டிங்கும் கிரைண்டரும். போனில் ஒரு வார்த்தை கேட்காது என்பதால், அமைதி தேடி டவுன்ஷிப்புக்கு வருகிறானாம். அமைதி! தேவயானிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இந்த ஊரின் அமைதிக்குள் ஆறு மணி நேரம் மூச்சு விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அவள் நைட் ஷிப்ட் வாரத்தை அவனுக்கு விளக்கினாள், திட்டுகிற குரலிலேயே. பிறகு கெடு வைத்தாள். படிவத்தை மதிப்பிட்டதில் தவறு, தேவயானிக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். புதன்கிழமைக்குள். அதைக் காட்டினால்தான் அப்பா அனுப்புவார்.

“புதன்கிழமை பதினோரு மணிக்கு வர்றேங்க” என்றான் அவன்.

“வராம இருந்தா முத்தாண்டிக்குப்பத்துக்கே வந்து கத்துவேன்.”

“வந்தாலும் எங்க பட்டறை சத்தத்துல கேக்காதுங்க.”

விளையாட்டாகச் சொன்னானா, வருத்தத்தில் சொன்னானா... தெரியவில்லை. அவன் மழையோடே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் அந்தக் கண்களை நினைத்துக்கொண்டு வீடு வந்து, நினைத்ததற்காகத் தன்னையும் ஒருமுறை திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மழை தூறலாக இறங்கியிருந்தது. அவள் போனபோது அவன் முன்பே வந்திருந்தான். வகுப்பு இருக்கிறதா, மைக் திறந்திருக்கிறதா என்று சைகையிலேயே கேட்டான். இல்லை என்று அவள் தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான். அவளுக்கு உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நல்லவேளை, மாஸ்க் இருந்தது.

கடிதத்தை நீட்டினான். திலகவதி மேடம் கையெழுத்து, துறை முத்திரை எல்லாம் இருந்தன. தேவயானி அவசர அவசரமாகப் படித்தாள். மாணவியின் அனுமதி இல்லாமல் அவரது பதிலைக் குடும்பத்தாரிடம் தெரிவித்தது தவறு, அதற்கு மாணவர் ரெஜின் முழுப் பொறுப்பேற்கிறார், துறை வருந்துகிறது... அவ்வளவுதான். அவள் நன்றாக இருக்கிறாள் என்ற வரி அதில் இல்லை.

அது எங்கே என்று கேட்டாள்.

“அதை எழுத முடியலைங்க.”

“ஏன் முடியல? ராத்திரி முழிச்சு பகல்ல தூங்கறேன்னு எழுதியிருந்தேன். யார்கிட்டயும் பேசறதில்லைன்னு எழுதியிருந்தேன். விடியக்காலம் நாலு மணிக்கு சாப்பிடறேன்னு எழுதியிருந்தேன். எல்லாம் எங்கப்பா ஷிப்டால. அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்ல?”

அவன் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தான். வேப்பமரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டான்.

“நீங்க ஃபார்ம் எழுதி அனுப்பினது அக்டோபர் இருபத்திமூணு, வெள்ளிக்கெழம. அந்த வாரம் உங்க அப்பாவுக்கு என்ன ஷிப்டுங்க?”

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நைட் வரும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இதை விரலை மடக்காமலே பின்னோக்கி எண்ணுவார்கள். இந்த வாரம் நைட். அதற்கு முன்னால் அக்டோபர் இருபத்தாறு. அப்படியென்றால் அதற்கு முந்தின வாரம்... ஃபர்ஸ்ட் ஷிப்ட். அப்பா விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிப் போய்விடுகிற வாரம். பகல் முழுக்க வீடு அவளுடையது. பாட்டுக் கேட்டிருக்கலாம், மைக்கைத் திறந்து வகுப்பில் பேசியிருக்கலாம், மாடி வீட்டு நந்தினியைக் கூப்பிட்டு வம்பளந்திருக்கலாம். ஒன்றுமே செய்யவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, போனை முகத்தருகே வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். குளிக்காத நாட்கள்கூட உண்டு. சத்தம் போடாதே என்று யாரும் சொல்லாத வாரத்தில்தான் அவள் அந்தப் பதினாலாவது கேள்விக்கு, பெரும்பாலான நாட்கள் என்று எழுதியிருந்தாள்.

“ஷிப்ட் கணக்கெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கடிதம் தர முடியுமா, முடியாதா?”

“உங்கள நல்லா இருக்காங்கன்னு நான் எழுதிட்டா, அதுக்கப்புறம் யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது தப்புங்க.”

“நான் எப்படி இருந்தா உங்களுக்கு என்ன?”

அவன் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி ஏற்றினான். ஹாஸ்டலில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நெடுமாறனைப் பற்றிச் சொன்னான். மே மாதம், ஊரடங்கு நேரம். அவனுக்கு ரெஜின் மூன்று முறை போன் செய்தானாம். மூன்று முறையும் நெடுமாறன் கட் செய்தானாம். பையன் பிஸி போலிருக்கிறது என்று ரெஜின் விட்டுவிட்டானாம்.

“நாலாவது வாட்டி அவன் அண்ணன் எடுத்தாருங்க. ஆஸ்பத்திரியிலேருந்து. பொழச்சிட்டான்... இப்ப நல்லா இருக்கான், படிப்ப மட்டும் வுட்டுட்டான். நீங்களும் மூணு வாட்டி கட் பண்ணீங்களா... எனக்கு வேற ஒண்ணும் தோணலங்க. நாலாவது வாட்டி போட பயமாப் போச்சு. ஓடிப்போய் மேடம்கிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கே ஒரு மெசேஜ் போட்டிருக்கணும். அதுதான் நான் பண்ண தப்பு. மத்தது தப்பில்ல.”

இந்த இடத்தில் கதாநாயகி உருகியிருக்க வேண்டும். தேவயானி உருகவில்லை. அவளுக்கு வந்தது கோபம்தான். தன்னைப் பற்றித் தானே ஒளித்து வைத்ததை எவனோ ஒருவன், முகத்தில் பாதிகூடப் பார்க்காதவன், எடுத்து வெளியே போட்டுவிட்டானே என்கிற கோபம். கடிதத்தை அவன் கையிலேயே திணித்தாள். இனிமேல் இந்தப் பக்கம் வந்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்கக்கூட மறந்து வேகமாக நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை. வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்று நினைத்தாள், அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபப்பட்டாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, அம்மா ஓசைப்படாமல் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து விலகிக்கொள்ள விண்ணப்பம். அப்பா தன் கையால் எழுதியிருந்தார். இங்கே கையெழுத்துப் போடு என்று அம்மா விரலால் காட்டினாள். பேனாவை நீட்டினாள். வாயைத் திறக்காமலே ஒரு பெண்ணின் படிப்பை முடித்துவிடலாம் போலிருக்கிறது.

தேவயானி பேனாவை வாங்கவில்லை.

“நான் போட மாட்டேன்” என்றாள். சத்தமாக.

அம்மா பதறிப்போய்த் தன் உதட்டில் விரலை வைத்தாள். அந்த விரலைப் பார்த்ததும் தேவயானிக்குள் இருந்த ஏதோ ஒன்று அறுந்தது.

“போட மாட்டேன்மா. எத்தனை நாளைக்கு வாயைப் பொத்துவ? எட்டு மாசமா இந்த வீட்டுல நான் செத்தவளாட்டம் நடமாடறேன். யாராவது என்னன்னு கேட்டீங்களா? எவனோ ஒருத்தன் கேட்டான். அவன் கேட்டதுக்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை.”

அறைக்கதவு திறந்தது. கருணாகரன் கைலியும் பனியனுமாக வந்து நின்றார். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. நைட் ஷிப்ட் வாரத்தில் அவரை எழுப்பியவர்கள் அந்த வீட்டில் இதுவரை கிடையாது. புஷ்பவல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்று மூன்று வாரமாகச் சொல்லிவந்ததை இன்னொரு முறை சொல்லத்தான் தேவயானி வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு.

“நான் நல்லா இல்லப்பா. அந்த ஃபார்ம்ல எழுதினது எல்லாம் நிஜம். காலையில எந்திரிக்கவே பிடிக்கல. யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. நல்லா இல்லாதவளை வீட்டுல வெச்சுக்கணும்னு நினைக்கிறீங்க. இங்கேயே இருந்தா எனக்கு இன்னும் மோசமாத்தான் ஆகும். என்னை அனுப்புங்கப்பா. டாக்டர்கிட்ட வேணாலும் கூட்டிட்டுப் போங்க. ஆனா அனுப்புங்க.”

கருணாகரன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. மனசு கலங்கினால்தான் அவர் பேச்சில் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும், இப்போது அது வந்தது.

“நான் தூங்குதேன்னு நினைச்சியாம்மா? அந்தப் போன் வந்த நாள்ல இருந்து ஒரு பகல் தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக் கெடக்கேன். நீ நடமாடுத சத்தம் கேக்கா, மூச்சு விடுத சத்தம் கேக்கான்னு காதைத் தீட்டி வச்சுக்கிட்டு. எங்க இவ பேசிற மாட்டாளான்னு...”

தூங்காத ஒரு மனிதரின் தூக்கம் கலையக்கூடாதென்று இரண்டு நைட் ஷிப்ட் வாரங்களாக இரண்டு பெண்கள் மூச்சை அடக்கியிருக்கிறார்கள். நினைத்தால் யாரை நொந்துகொள்வது என்று தெரியவில்லை. புஷ்பவல்லிதான் முதலில் அழுதாள், அதுவும் சத்தமாக.

அந்த வாரமே கருணாகரன் லீவு போட்டு மகளைக் கடலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசினார். மாத்திரை எழுதினார், தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னார், காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார், தாராளமாகப் படிக்கப் போகட்டும் என்றார். விலகல் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று தேவயானி கேட்கவில்லை. மறுநாள் பெட்டியைப் பரணிலிருந்து அப்பாவே இறக்கித் துடைத்து வைத்தார்.

நடுவில் ஒரு புயல் வந்து போனது. கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் வந்தது. அன்று காலைதான் தேவயானி ரெஜினுக்கு முதல்முதலாக ஒரு மெசேஜ் அனுப்பினாள். நான் நாளைக்குக் காலேஜுக்குப் போறேன். நீங்க எந்த பஸ்? இவ்வளவுதான். நன்றி என்று எழுதிவிட்டு அழித்திருந்தாள். அவ்வளவு சுலபமாக நன்றி சொல்லிவிட முடியுமா என்ன!

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. நல்லதுங்க. நான் வரல. படிப்பை நிறுத்திட்டேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். போன் போட்டாள். கட் ஆனது. மறுபடி போட்டாள். கட் ஆனது. மூன்றாவது முறையும் கட் ஆனபோது அவள் நாலாவது முறை போடவில்லை. நந்தினியின் ஸ்கூட்டியைக் கேட்டு வாங்கினாள்.

முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் கிரில் பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மழைக்கு ஊரே மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பட்டறையில் வேலை நின்றிருந்தது. பாதி முடிந்த ஒரு ஜன்னல் கம்பிக்கு முன்னால் ரெஜின் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாஸ்க் இல்லை. அவனுடைய முழு முகத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒடுங்கிப்போன கன்னம், ஒரு வாரத் தாடி. கண்களுக்குக் கீழே கருப்பு. அந்தக் கருப்பை அவள் அடையாளம் தெரிந்துகொண்டாள். இரண்டு வாரம் முன்பு வரை அதைத்தான் கண்ணாடியில் பார்த்தாள்.

“போனை எடுக்கத் தெரியாதா?” என்றாள்.

அவன் திடுக்கிட்டு எழுந்தான். நனைந்து நின்ற அவளைப் பார்த்து, உட்காருங்க என்றான், உட்கார இடமில்லை என்பதைப் பார்த்து விழித்தான். உள்ளேயிருந்து சவரிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, விவகாரம் புரிந்தவர்போல ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

ஏன் வரவில்லை என்று கேட்டாள். புராஜெக்ட் முடிந்துவிட்டது, பட்டறையில் ஆள் இல்லை, அப்பாவுக்கு வயசாகிறது என்று அவன் காரணங்களை அடுக்கினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காரணங்கள் தீர்ந்ததும் உப்புத்தாளைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான். மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

“அந்த ஃபார்ம நானும் எழுதினேன்” என்றான் பிறகு. “கேள்வி கேக்கறவங்களும் எழுதணும்னு மேடம் சொன்னாங்க. எல்லாத்துக்கும் இல்லன்னு எழுதினேன். பொய்யி. மே மாசத்துலேருந்து நான் சரியாத் தூங்கல. ஊரையெல்லாம் கேட்டுகினு இருந்தா என் நெனப்பு வராதுன்னு கேட்டுகினு இருந்தேன். அந்த ரூமுக்குள்ள போயி, அவன் கட்டில காலியாப் பாக்க என்னால முடியாதுங்க.”

தேவயானிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“எனக்கு மட்டும் ஒரு பொய்க் கடிதம் எழுத மாட்டீங்க. எங்கப்பா முன்னாடி நின்னு, நான் நல்லா இல்லன்னு சொல்ற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விடுவீங்க. நீங்க மட்டும் இங்க ஒளிஞ்சுக்குவீங்க. இது என்ன நியாயம்?”

“தப்புதான்...”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? ரெஜின், எட்டு மாசமா எனக்கு யார் மேலயும் எதுவும் வரல. சந்தோஷம் வரல, துக்கம் வரல, பசிகூட ஒழுங்கா வரல. அன்னைக்கு மழையில நின்னு உங்களைத் திட்டினேன் பாருங்க... அப்பதான் முதல்ல ஏதோ வந்துச்சு. வீட்டுக்குப் போயும் திட்டினேன். தூக்கத்துலயும் திட்டினேன். இப்பவும் கோபமாத்தான் இருக்கு. அது கோபம் மட்டும் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு பத்து நாள் ஆச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முகம் குப்பென்று சிவந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஸ்கூட்டியைப் பார்த்தாள்.

ரெஜின் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டான். நீளமான அந்த இமைகள் நனைந்திருந்தன. இந்தத் தடவை மழை அவன்மேல் விழவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றான். “நீங்க கொடை இல்லாம நடந்து போனீங்க. பின்னாடியே வந்து கூப்டணும்னு இருந்துச்சு. கூப்ட்டா நிக்க மாட்டீங்கன்னு பயந்துகினு நின்னுட்டேன். எனக்கு எல்லாத்துக்கும் பயம்தாங்க, தேவயானி. அந்த ரூமுக்குப் போவ பயம். உங்கள புடிச்சிருக்குன்னு சொல்ல அதவிட பயம்.”

“இப்ப?”

“பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிட்டேன்ல.”

அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அறையை மாற்றிக் கேட்கலாம், அந்த மருத்துவரின் எண் தன்னிடம் இருக்கிறது, போகும்போது துணைக்குத் தானும் வருகிறேன் என்றெல்லாம் மளமளவென்று சொன்னாள். காலை ஆறரைக்குப் பஸ் என்றாள். அப்பா வழியனுப்ப வருவார், அவர் முன்னால் ஒழுங்காக முகச்சவரம் செய்துகொண்டு வந்து நிற்க வேண்டும் என்றாள்.

“உங்கப்பா என்னை அடிக்க மாட்டாருல்ல?”

“தெரியாது. அவரை நீங்கதானே தூக்கத்துலேருந்து எழுப்பினீங்க?”

ரெஜின் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் முழுசாகப் பார்த்தாள்.

“வர்றேன்” என்றான். “நீ பக்கத்துல இருந்தா வர்றேன்.”